சைக்கிளுக்கு வில்லை, காருக்கு வரி, பேட்டரி வண்டிக்கு ஒன்றுமில்லை: ரோட்டுக்கு யார் காசு கட்டுவது?

போன மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். பள்ளிக்கூடம் இருக்கிற தெருவில் ஓரமாக ஐந்தடிக்குக் கோடு போட்டு சைக்கிளுக்கு விடச் சொல்லி ஒரு மனு. கையெழுத்து வாங்கப் பத்து நிமிஷம் போதும் என்று நினைத்து டீக்குக்கூடச் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் ஓடியது. எல்லாம் ஒரு கேள்வியால். "நாங்க ரோடு டாக்ஸ் கட்டுறோம், பெட்ரோல்ல கட்டுறோம், லைசென்ஸ், இன்சூரன்ஸ்னு வரிசையா கட்டுறோம். சைக்கிள்காரன் என்ன கட்டுறான்? அவனுக்கு எதுக்கு சார் தனி வழி?"

கேட்டவரைத் தப்பு சொல்ல மாட்டேன். 2024-ல் 12 லட்ச ரூபாய்க்குக் கார் எடுத்தவர். சாவி கைக்கு வரும் முன்பே 15 சதவீதம், அதாவது 1 லட்சத்து 80 ஆயிரம், லைஃப் டாக்ஸாக, வண்டியின் ஆயுளுக்கும் சேர்த்து ஒரே தடவையில் வாங்குகிற ரோடு டாக்ஸாக, போய்விட்டது. அவ்வளவு கொடுத்தவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் "சைக்கிள் புகை விடுதா அங்கிள்?" என்று கேட்டுக் கைதட்டு வாங்கினான், ஆனால் அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை. அப்புறம் இரண்டு பக்கத்து ஆட்களும் தனித்தனியாக எனக்கு போன் போட்டு, சைக்கிளுக்கும் ஒரு வரியைப் போட்டுவிட்டால் சண்டை தீர்ந்துவிடாதா, வேறு என்னதான் வழி என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் ஆர்டிஓ ஆபீஸ் ஆளெல்லாம் இல்லை, ஒரு ஸ்கூட்டரும் ஒரு பழைய சைக்கிளும் வைத்திருக்கிறவன். இது இரண்டிலும் உட்கார்ந்து பார்த்துப் போட்ட கணக்கு.

## எதை வைத்து அளப்பது

முதலில் ஒரு சின்ன சங்கதி. ரோடு டாக்ஸ் ரோட்டுக்குத்தான் போகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. மாநில அரசு வாங்கும் வண்டி வரி பொதுக் கஜானாவில் மற்ற வரிகளோடு சேர்ந்துவிடும், அதிலிருந்து ஆசிரியர் சம்பளமும் போகும், பாலமும் கட்டுவார்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வண்டிக்காரர்கள் கட்டுகிற காசுக்கென்றே தனி நிதி இருந்தது. 1920-களில் நிதியமைச்சராக இருந்த சர்ச்சிலே அதில் கை வைத்தார், 1937-ல் அந்த ஏற்பாடே போய்விட்டது. அங்கேயும் இன்னும் 'ரோடு டாக்ஸ் கட்டுறேன்' என்று சைக்கிள்காரரைப் பார்த்து ஹாரன் அடிக்கிறவர்கள் உண்டு என்பது தனிக் கதை.

எங்கள் தெரு மாதிரியான உள் தெருக்களைப் போடுவது மாநகராட்சி. அதற்குச் சொத்து வரி, அரசு மானியம் என்று பல வழியில் காசு வருகிறது. வாடகை வீட்டுக்காரரும் வாடகைக்குள் அதைக் கட்டுகிறார். ஆக 'சைக்கிள்காரன் ஒண்ணுமே கட்டலை' என்பது அப்போதே பாதி அடிபட்டுவிட்டது.

மீதிப் பாதிக்குத்தான் அளவுகோல் வேண்டும். நான் ஐந்து வைத்துக்கொண்டேன். ரோட்டை யார் எவ்வளவு தேய்க்கிறார்கள். யார் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறார்கள். வசூல் செய்கிற செலவு போக மிஞ்சுமா. யார் தலையில் விடிகிறது. கடைசியாக, பெட்ரோல் வண்டிகள் குறைந்து பேட்டரி வண்டிகள் பெருகினாலும் இந்த வழி நிற்குமா.

தேய்மானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் இரண்டு தரப்பும் சறுக்குகின்றன. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா என்ற ஊர்ப் பக்கம் சோதனைக்கென்றே ரோடு போட்டு, அதன் மேல் லாரிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். அதில் கிடைத்த கணக்கு, தோராயமானதுதான், இன்றும் ரோடு இன்ஜினியர்கள் பயன்படுத்துகிறார்கள்: ஒரு அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் இரண்டு மடங்காகாது, பதினாறு மடங்காகும். நான்காம் அடுக்கு என்பார்கள்.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, ஒரு சக்கரத்துக்கு 45. ஆட்களோடு ஒரு கார் 1,400 கிலோ, ஒரு அச்சுக்கு 700. அதாவது பதினைந்தரை மடங்கு. நாலு தடவை பெருக்கிப் பாருங்கள், ஐம்பதாயிரத்தைத் தாண்டும். ஒரு தடவை கார் போவதும் ஐம்பதாயிரம் தடவை சைக்கிள் போவதும் ரோட்டுக்கு ஒன்று. கல்லூரிப் பையன் இதைக் கேட்டால் குதிப்பான். ஆனால் கணக்கு அங்கே நிற்பதில்லை. 2018-ல் மத்திய அரசு லாரிகளின் பின் அச்சுக்கு அனுமதிக்கும் எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகக் கூட்டியது. அந்த அச்சைக் கார் அச்சோடு ஒப்பிட்டால் எழுபதாயிரம் மடங்குக்கு மேல் போகிறது! காருக்கு முன்னால் சைக்கிள் எப்படியோ, லாரிக்கு முன்னால் கார் அப்படி. தேய்மானத்தை மட்டும் வைத்துப் பேசினால் காரும் காசு கட்டத் தேவையில்லை, ஜல்லி லாரிக்காரர் மட்டும் கட்டினால் போதும். கார்காரர்களை மடக்க இந்தக் கணக்கை எடுக்கிறவர்கள் அடுத்த வரியையும் படித்துவிட்டு எடுப்பது நல்லது.

காரிடம் கேட்க வேண்டியது தேய்மானத்துக்கான காசு இல்லை, இடத்துக்கான காசு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

## வழி 1: சைக்கிளுக்கு ஆண்டு வில்லை

இது ஒன்றும் புதிதில்லை. அப்பா தலைமுறை ஆட்களைக் கேளுங்கள், முனிசிபாலிட்டி, பஞ்சாயத்து ஆபீசில் காசு கட்டி, கட்டியதற்கு அடையாளமாக சைக்கிளில் மாட்டுகிற தகர வில்லை வாங்கிய கதையைச் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பரணில் அப்பாவின் பழைய சைக்கிளுடைய ஹேண்டில்பார் மட்டும் கிடக்கிறது. அதன் கழுத்தில் துருப்பிடித்த கம்பியில் ஒரு தகரத் துண்டு இன்னும் தொங்குகிறது, எண் பாதி அழிந்துபோய். டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள், ராத்திரி விளக்கு இல்லாமல் போனால் பிடிப்பார்கள், வில்லை இல்லாவிட்டாலும் பிடிப்பார்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே போலீஸ்காரரிடம் மாட்டிக்கொண்டதை அப்பா ஏதோ மெடல் வாங்கியது போலச் சொல்வார்.

சட்டப்படி இன்றைக்கும் மாநில அரசு நினைத்தால் போடலாம். அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 57-வது இனம், ரோட்டில் ஓடத் தகுந்த வண்டிகளுக்கு வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது, இயந்திரத்தால் ஓடினாலும் சரி ஓடாவிட்டாலும் சரி என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆகவே 'சைக்கிளுக்கு வரி போடவே முடியாது' என்று வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். போடுவது லாபமா என்றுதான் கேட்க வேண்டும்.

ஒரு வார்டில் ஆயிரம் சைக்கிள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 50 ரூபாய். மொத்தம் 50 ஆயிரம். இதற்கு ஒரு கவுண்டர், ரசீதுப் புத்தகம், வில்லை அச்சடிக்கும் செலவு, வில்லை இல்லாதவரைப் பிடிக்க ஒரு ஆள். அந்த ஆளின் இரண்டு மாதச் சம்பளத்துக்கே காணாது. கட்டணத்தை 500 ஆக்கினால் கணக்கு நேராகும், ஆனால் பழைய சைக்கிள் கடையில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கின வண்டிக்கு 500 ரூபாய் யார் கட்டுவார்கள்?

யார் தலையில் விடிகிறது என்று பார்த்தால் இன்னும் மோசம். சென்னையில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் டீ கேனைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருகிறவர், விடியற்காலையில் பேப்பர் போடுகிற பையன், கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளி, இவர்கள்தான் வரிசையில் நிற்பார்கள். அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்கிற பிள்ளைக்கு அரசே இலவசமாக சைக்கிள் கொடுத்துவிட்டு, மறுவாரம் 'வில்லை எங்கே' என்று கேட்கிற காட்சியையும் யோசித்துப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களில் பலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் வண்டி. அந்தப் படியில் சுங்கச்சாவடி வைப்பது என்ன புத்தி?

ஹாலந்தில் இதைச் செய்தே பார்த்தார்கள். 1924-ல் சைக்கிள் வரி, வருஷத்துக்கு 3 கில்டர், கட்டினால் ஒரு உலோக வில்லை. சைக்கிள் நிறைந்த தேசம் என்பதால் அங்கே வசூல் நன்றாகவே ஆனது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் வேலையில்லாதவர்களுக்கு இலவச வில்லை கொடுத்தபோது அதில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள், தூரத்திலிருந்து பார்த்தாலே இவன் காசு கட்டாதவன் என்று தெரியும். 1941-ல் அந்த வரி போனது, அதை எடுத்தது நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் நிர்வாகம். கனடாவின் டொரான்டோவில் 1935 முதல் 1957 வரை சைக்கிள் லைசென்ஸ் இருந்தது, அப்புறம் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு பல தடவை மறுபடி கொண்டுவரலாமா என்று யோசித்துப் பார்த்தும் கொண்டுவரவில்லை.

இந்த வழி சரிப்படும் ஒரே இடம் திருட்டு. ஜப்பானில் சைக்கிள் வாங்கும்போதே கடையில் சில நூறு யென் கட்டிப் பதிவு செய்து ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அது வரி இல்லை. தொலைந்த சைக்கிள் கிடைத்தால் யாருடையது என்று தெரிவதற்காக. உங்கள் பகுதியில் ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் காணாமல் போவதுதான் தலைவலி என்றால் இதைக் கேளுங்கள், ஒரே தடவை, கடையிலேயே.

## வழி 2: சைக்கிள் வாங்கும்போது ஒரு தடவை

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2018 ஜனவரியிலிருந்து 200 டாலரோ அதற்கு மேலோ விலையுள்ள புது சைக்கிளுக்கு 15 டாலர் வாங்குகிறது. பெட்ரோலுக்கு முதன்முதலில், 1919-லேயே, வரி போட்ட மாநிலமும் அதுதான். சைக்கிள்காரர்களும் பங்கு கொடுக்கிறார்கள் என்று சொல்லி மற்றவர்களைச் சமாதானப்படுத்த இது உதவியது. விலை வரம்பு வைத்ததால் மலிவான சைக்கிள் தப்பியது.

நம் ஊரில் இது ஏற்கெனவே வேறு பெயரில் இருக்கிறது. சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். டயர், டியூப், செயின் வாங்கினாலும் உண்டு. ஐம்பதாயிரம் ரூபாய் கியர் சைக்கிளில் ஹெல்மெட், கண்ணாடி சகிதம் ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் போகிறவரிடம் கூடுதலாக ஆயிரம் ரூபாய் வாங்கினால் அவருக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் அந்தக் காசில் நம் தெருவில் ஐந்தடிக் கோடுகூடப் போட முடியாது. இது வாயை அடைக்கும் வரி, ரோடு போடும் வரி இல்லை. மறைமுகச் செலவும் பெரிதாக எதுவும் கிடையாது. அரசியலில் சமரசம் தேவைப்பட்டால் எடுக்கலாம், அவ்வளவுதான்.

## வழி 3: இப்போது இருப்பது போலவே

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் லைஃப் டாக்ஸைக் கூட்டினார்கள். ஒரு லட்சம் வரை விலையுள்ள டூவீலருக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. காருக்கு ஐந்து லட்சம் வரை 12, பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 15, அதற்கு மேல் 20. பெட்ரோலில் மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் வாட் வரியும். 2025-ல் சென்னையில் லிட்டர் நூறு ரூபாய்ச் சொச்சம் விற்றபோது அதில் 40 ரூபாய்க்கு மேல் வரிதான்.

என் ஸ்கூட்டரை வைத்துப் பார்த்தேன். விலை 88 ஆயிரம், லைஃப் டாக்ஸ் 8,800. பதினைந்து வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 49 ரூபாய். பெட்ரோலில் 45 கிலோமீட்டர் கொடுக்கிறது, ஆக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 90 காசு போல வரி கட்டிக்கொண்டே போகிறேன். தினம் நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர் வருஷம் 300 நாளில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் பெட்ரோல் வரியாகக் கட்டிவிடுகிறார், லைஃப் டாக்ஸை ஒரே வருஷத்தில் தாண்டி. நாலு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் ஆயிரம்தான். இதைப் பார்த்ததும்தான் எனக்கு ஒன்று புரிந்தது: நாம் லைஃப் டாக்ஸைத் திட்டிக்கொண்டிருக்கிறோம், நிஜமாகக் கறப்பது பெட்ரோல் பங்க். ஆனால் நியாயமாகக் கறக்கிறது. அதிகம் ஓட்டினால் அதிகம். வசூலுக்குத் தனி ஆபீஸ் வேண்டாம், ஏமாற்ற வழி கிடையாது.

லைஃப் டாக்ஸ் அப்படியில்லை. வைத்திருப்பதற்கு வரி, ஓட்டுவதற்கு இல்லை. ஒரு தடவை 1.8 லட்சம் கட்டிவிட்டவருக்கு, கட்டின காசை எடுக்க வேண்டும் என்று வண்டியை எடுக்கத்தான் தோன்றும், மூலைக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும். இன்னொன்று, விலையை வைத்துப் போடுவதால் எடையைப் பார்ப்பதில்லை. சரக்கு வண்டிகளுக்கு மட்டும் எடைக்குத் தகுந்த காலாண்டு வரி இருக்கிறது.

இதில் பெரிய ஓட்டை பேட்டரி வண்டி. தமிழ்நாட்டில் அதற்குச் சாலை வரி விலக்கு, அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். பெட்ரோலும் போடுவதில்லை. ஆக ஒன்றரை லட்ச ரூபாய் பேட்டரி ஸ்கூட்டரும் இருபது லட்ச ரூபாய் பேட்டரி காரும் ரோட்டுக்கென்று கட்டுவது ஏறக்குறைய சைக்கிள் கட்டுவதுதான். எங்கள் கூட்டத்தில் சைக்கிள்காரரை முறைத்தவர்களில் ஒருவர்கூடப் பக்கத்து நாற்காலியில் இருந்த பேட்டரி கார்காரரை முறைக்கவில்லை. புது வண்டியைப் பழக்குவதற்குச் சலுகை கொடுத்தது சரிதான், புகை குறைகிறது. ஆனால் நாளைக்கு எல்லோரும் அதற்கு மாறிவிட்டால் பங்க்கில் வந்த காசு எங்கிருந்து வரும்?

அது வரைக்கும், பெட்ரோல் வண்டிகளே ரோட்டை நிறைத்திருக்கிற இன்னும் சில வருஷங்களுக்கு, இந்த வழியே போதும்.

## வழி 4: ஓடிய தூரத்துக்கும் எடைக்கும்

நியூசிலாந்தில் டீசல் வண்டிகளுக்கு 1978-லிருந்து இப்படித்தான். கிலோமீட்டரை முன்கூட்டி, ஆயிரம் ஆயிரமாக வாங்கிக்கொள்ள வேண்டும், நாம் ரீசார்ஜ் போடுகிற மாதிரி. பேட்டரி கார்களுக்கு அதுவரை இருந்த விலக்கை 2024 ஏப்ரல் 1-ல் எடுத்துவிட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர் என்று வைத்தார்கள். கனமான வண்டிக்கு விகிதம் ஏறும். இங்கிலாந்தும் 2028-லிருந்து பேட்டரி கார்களுக்கு மைலுக்கு 3 பென்ஸ் வாங்கப் போவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தது.

அளவுகோல்களில் வைத்தால் இதுதான் ஜெயிக்கிறது. ஓட்டுகிறவன் கட்டுகிறான், கனமானவன் கூடக் கட்டுகிறான், பேட்டரியும் தப்பாது. சைக்கிளையும் இதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், வருஷத்துக்குச் சில காசுகள் வரும், அதை வசூலிக்கப் போகிற பஸ் டிக்கெட் அதைவிடக் கூட. ஆகவே சைக்கிளுக்கு விலக்கு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, கணக்கே அதை விட்டுவிடுகிறது. சலுகை என்று யாரும் குத்திக்காட்டவும் முடியாது. இதனாலேயே எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது.

ஆனால் மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். கிலோமீட்டரை யார் பார்ப்பது? பழைய கார் சந்தையில் மீட்டரைத் திருப்பி வைத்து விற்பது தெரியாத ஆளா நாம்? ஜிபிஎஸ் வைத்தால் ஏமாற்ற முடியாது, ஆனால் நான் எந்த நேரத்தில் எங்கே போனேன் என்பது யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் இருக்கும். ஊருக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு பஸ் இல்லாததால் தினம் அறுபது கிலோமீட்டர் டூவீலரில் வருகிறவருக்கு அடி பலமாக விழும், அவர் பணக்காரர் இல்லை. டூவீலரை விட்டுவிட்டு முதலில் பேட்டரி கார், டாக்ஸி, சரக்கு வண்டி என்று ஆரம்பித்து, வருஷா வருஷம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது மீட்டர் போட்டோ எடுத்து ஏற்றச் சொன்னால் பாதி வேலை முடியும் என்பது என் எண்ணம். பஸ் வசதி இல்லாத ஊர்களில் இதை அவசரப்பட்டுக் கொண்டுவரக் கூடாது.

## வழி 5: நிறுத்துகிற இடத்துக்குக் காசு

இதை யாரும் கேட்கவே இல்லை, நானாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத் தெருவில் ஒரு ஞாயிறு காலை எண்ணினேன். இரண்டு பக்கமும் சேர்த்து முப்பத்தொரு கார், அதில் நாலு உறை போட்டு மூடி, உறைக்கு மேல் வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கிறது. ஒரு கார் நிற்க நூறு சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தெருவில் நூறு சதுர அடி ஜெராக்ஸ் கடைக்கு மாதம் எட்டாயிரம் வாடகை. கார் ஓடுகிற நேரத்துக்கு லைஃப் டாக்ஸ், பெட்ரோல் வரி எல்லாம் இருக்கிறது. நாளில் இருபத்திரண்டு மணி நேரம் சும்மா நிற்கிறதே, அதற்கு எங்கள் தெருவில் ஒரு பைசா கிடையாது. ஐந்தடிக் கோடு கேட்டபோது கோபம் வந்ததற்கு உண்மையான காரணம் சைக்கிளா, அந்த ஐந்தடியில் நிற்கிற காரா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஜப்பானில் 1962-லிருந்தே, கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்ற சட்டம் உண்டு. இங்கே அந்த அளவுக்குப் போக வேண்டாம், மாதம் சில நூறு ரூபாய்க்கு வீட்டுக்கு ஒரு ஸ்டிக்கர் என்று ஆரம்பிக்கலாம். பழைய ஃபிளாட்டுகளில் கட்டும்போதே பார்க்கிங் விடாமல் கட்டிவிட்டார்கள், அங்கே வாடகைக்கு இருக்கிறவர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. ஏலம் எடுக்கிற ஆள் வந்து அடாவடியாக வசூலிக்கிற ஆபத்தும் உண்டு. தெரு குறுகலாகி ஆம்புலன்ஸ் நுழைய முடியாத பகுதிகளில் மற்ற நாலு வழியையும்விட இதுதான் முதலில் பலன் கொடுக்கும்.

## லைசென்ஸ் வேறு விஷயம்

வரியையும் லைசென்ஸையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். வரி காசுக்காக. லைசென்ஸ் அடுத்தவன் உயிருக்காக. எல்எல்ஆர் போட்டு, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டுகிறோமே, அது நூறு கிலோ இரும்பை அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவதற்கு. அரசுக் கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் சில நூறுதான். டிரைவிங் ஸ்கூல் பேக்கேஜில் அது சில ஆயிரமாவது நமக்குத் தெரிந்த கதை.

சைக்கிள்காரர் சிக்னலை மதிப்பதில்லை, அதனால் லைசென்ஸ் வேண்டும் என்கிறார்கள். மதிப்பதில்லை என்பது உண்மைதான், நானே தப்பு செய்திருக்கிறேன். ஆனால் லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் வைத்துக்கொண்டு ராங் சைடில் வருகிற டூவீலர்களைத் தினமும் பார்த்துக்கொண்டு இதை எப்படி நம்புவது? சுவிட்சர்லாந்தில் சைக்கிளுக்கு ஒரு ஸ்டிக்கர் கட்டாயமாக இருந்தது, இடித்துவிட்டால் நஷ்டஈடு கொடுக்கும் இன்சூரன்ஸுக்காக. பெரும்பாலோரிடம் வேறு இன்சூரன்ஸ் ஏற்கெனவே இருந்ததால் 2012-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

லைசென்ஸ் கேட்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. 25 கிலோமீட்டர் வேகத்துக்குள், 250 வாட் மோட்டாருக்குள், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குள் இருந்தால் அந்த ஸ்கூட்டர் நம் விதிகளின்படி மோட்டார் வாகனமே இல்லை. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பையன் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போகிறான். இருபத்தைந்தில் போனால் பரவாயில்லை, வேகப் பூட்டை அவிழ்த்துவிட்டால் நாற்பதுக்கு மேல் போகிறது, சத்தமும் இல்லை. மிதிக்கிற சைக்கிளை விட்டுவிட்டு இந்த வண்டிக்கு ஒரு நாள் பயிற்சியும் ஒரு சின்னச் சான்றும் வைத்தால் அதில் அர்த்தம் இருக்கிறது.

## ஒரு பார்வையில்

| வழி | தேய்மானம், இடம் | வசூல் செலவு போக | யார் தலையில் | பேட்டரிக் காலத்தில் | எங்கே எடுபடும் |
|---|---|---|---|---|---|
| சைக்கிளுக்கு ஆண்டு வில்லை | பொருந்தாது | நஷ்டம் | ஏழைகள், மாணவர்கள் | மாற்றமில்லை | திருட்டு அதிகமான இடம், பதிவாக மட்டும் |
| சைக்கிள் வாங்கும்போது ஒரு தடவை | பொருந்தாது | கொஞ்சம் மிஞ்சும் | விலை வரம்பு வைத்தால் வசதியானவர் | மாற்றமில்லை | அரசியல் சமரசத்துக்கு |
| லைஃப் டாக்ஸ், பெட்ரோல் வரி | பெட்ரோல் வரி ஓரளவு | நன்றாக மிஞ்சும் | வண்டி வைத்திருக்கிற எல்லோரும் | வறண்டுபோகும் | இன்னும் சில வருஷம் |
| தூரமும் எடையும் | நன்றாகப் பொருந்தும் | ஆரம்பச் செலவு அதிகம் | அதிகம் ஓட்டுகிறவர் | நிற்கும் | பஸ் இருக்கிற நகரம், பேட்டரி கார், சரக்கு வண்டி |
| நிறுத்தும் இடத்துக்கு | இடத்துக்குப் பொருந்தும் | மிஞ்சும் | ரோட்டில் கார் விடுகிறவர் | நிற்கும் | நெரிசலான உள் தெரு |

என்னைக் கேட்டால்: சைக்கிளை விட்டுவிடுங்கள், லைஃப் டாக்ஸைப் படிப்படியாகக் குறைத்து அந்தப் பங்கைத் தூரக் கணக்குக்கு மாற்றுங்கள், உள் தெருவில் நிற்கிற காருக்கு ஸ்டிக்கர் போடுங்கள். கார் வாங்கும்போது 1.8 லட்சம் கட்டி, மாதம் இரண்டு தடவை கோயிலுக்கு மட்டும் எடுக்கிறவருக்கு இதில் லாபம். தினமும் ஒற்றை ஆளாக அண்ணா சாலையில் ஓட்டுகிறவருக்கு நஷ்டம். எந்த வழி எடுத்தாலும் யாராவது கூடக் கட்டத்தான் வேண்டும்.

இதையெல்லாம் அடுத்த கூட்டத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்ப் படித்தேன், இந்தத் தடவை டீயும் பஜ்ஜியும் சொல்லிவிட்டு. 12 லட்ச ரூபாய் கார்காரர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். தூரக் கணக்கில் தனக்கு வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்று போனில் கால்குலேட்டரைத் திறந்து போட்டுப் பார்த்தார், முகத்தில் கொஞ்சம் திருப்தி. மனுவில் பதினேழாவது கையெழுத்து அவருடையதுதான். ஐந்தாவது வழியைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டால் போடுகிறேன் என்றார், எடுத்துவிட்டோம்.